நகோயாவின் ‘பிக்சி’

செர்பியாவின் நிஷ் நகரில் 1965இல் பிறந்தவர் டிராகன் ஸ்டோய்கோவிச். கேலிச்சித்திர எலி ஒன்றின் பெயரான ‘பிக்சி’ அவரது செல்லப்பெயர். 1990 உலகக் கிண்ணத்தில் ஸ்பெயினுக்கு எதிராக இரண்டு கோல்கள் அடித்தார். பின்னர், பிரான்சில் ஆடியபோது முழங்கால் காயம் அவரை முடக்கியது. 1994இல் ஜப்பானின் நகோயா குழுவில் சேர்ந்து, 2001இல் ஓய்வு பெறும்வரை அங்கேயே ஆடினார். இரசிகர்கள் அவரை மறக்கவில்லை. 2008இல் பயிற்றுநராகத் திரும்பினார். மறு ஆண்டு, ஓர் ஆட்டத்தில் வெளியே வந்த பந்தைத் திடலோரத்தில் நின்றபடியே உதைத்தார். சாதாரணக் காலணிதான் அணிந்திருந்தார்! பந்து நேராகக் கோல் வலைக்குள் விழுந்தது. நடுவர் அவரை வெளியேற்றினார்; காட்சியோ உலகெங்கும் பரவியது. 2010இல் நகோயா முதன்முறையாக லீக் பட்டத்தை வென்றது. செர்பியாவிலும் அவர் நாயகர்தான். ஆனால், ஆட்டக்காரராகவும் பயிற்றுநராகவும் அவர் அதிக ஆண்டுகள் தங்கிய ஊர் நகோயாதான்.