மனோவசியமும் அதிகாரமும்: மபூசே திரைப்படங்கள் பற்றிய ஒரு நோக்கு

குற்றவாளியைப் பொலிஸார் துரத்துவதும், அக்குற்றவாளி தன் பார்வையாலேயே பிறரை ஆட்டிப்படைப்பதும் வணிகச் சினிமாவின் பழகிய உத்திகளாகும். 2023 இல் வெளிவந்த 'ஹிப்னாட்டிக்' என்னும் ஹொலிவூட் படம் இதற்கு அண்மைக்கால உதாரணம். இவ்வடிவத்தின் ஊற்றுக்களுள் ஒன்றை வைமார்க் குடியரசுக்கால ஜேர்மனியிலே காணலாம். பிரிட்ஸ் லாங் நெறிப்படுத்திய 'சூதாடி டாக்டர் மபூசே' (1922), அதன் தொடர்ச்சியான 'டாக்டர் மபூசேயின் மரணசாசனம்' (1933) ஆகிய இரண்டிலும் மனோவசியம் வெறும் கதை உத்தியா, அன்றி அக்கால அதிகார உறவுகளின் குறியீடா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நோர்பேட் ஜாக்கின் நாவலைத் தழுவி, தியா வொன் ஹார்பு திரைக்கதை எழுதிய முதற்படம் இரு பாகங்களில் நான்கு மணித்தியாலங்களுக்கு மேல் நீள்வது. அதன் தொடக்கம் கூர்ந்து நோக்கத்தக்கது. மபூசே முதலில் எவரையும் வசியஞ் செய்வதில்லை. புகையிரதத்திலே ஒரு வர்த்தக ஒப்பந்தத்தைத் திருடச் செய்கிறான், பங்குச்சந்தை சரிகிறது, மலிந்த பங்குகளை வாங்குகிறான், ஒப்பந்தம் மீட்கப்பட்டதும் விலையேற, விற்றுவிடுகிறான். அவனது கள்ளநோட்டுப் பட்டறையிலே கண்பார்வையற்றோர் உழைக்கின்றனர். 1923 நவம்பரில் ஓர் அமெரிக்க டொலரின் பெறுமதி 4.2 இலட்சம் கோடி மார்க் ஆயிற்று என்பதை நினைவுகூர்ந்தால், கண்ணுக்குப் புலனாகாத சக்தியொன்று தம் வாழ்வைச் சூதாடுகின்றது என்ற அக்கால மக்களின் உணர்வே மபூசேயாக உருப்பெற்றது எனலாம்.

மபூசேயைத் தேடும் அரச வழக்குத்தொடுநரான வென்க், சீட்டாட்ட மேசையிலே அவனது வசியத்தை எதிர்த்து நிற்கிறார். ஆனால், இரண்டாம் பாகத்தில், மேடையில் நடைபெறும் வசியக் காட்சியிலே அவரே வீழ்ந்து, தம் காரைக் கற்குழியை நோக்கிச் செலுத்துகிறார். அவரது ஆட்கள் அவரைக் காப்பாற்றுகின்றனர். ஈற்றில் மபூசேயின் வீட்டைத் தாக்குவதற்குப் பொலிஸாருடன் இராணுவமும் வரவேண்டியதாகின்றது. சட்டத்தின் காவலரும் வசியத்துக்கு அப்பாற்பட்டவரல்லர் என்பதே இதன் உட்பொருள்.

அவ்வாறாயின், வசியப்பட்டவன் செய்த செயலுக்குப் பொறுப்பாளி யார்? இவ்வினா கற்பனையில் மட்டும் எழுந்ததன்று. 1890 இல் பாரிசில் கொலைக்குற்றஞ் சாட்டப்பட்ட கப்ரியேல் பொம்பார் மனோவசியத்துக்கு உட்பட்டே செயற்பட்டாரென, நான்சி நகரப் பேராசிரியர் லியேஜுவா நீதிமன்றில் வாதிட்டார். அவ்வாதம் எடுபடவில்லை, 20 ஆண்டு கடூழியத் தண்டனை விதிக்கப்பட்டது. வசியத்துக்குட்பட்டவர் தம் விருப்பை முற்றாக இழந்த இயந்திரமாகிவிடுவதில்லை என்பதே பிற்கால உளவியலாளருட் பெரும்பாலோரின் கருத்துமாகும்.

இரண்டாவது படம் இவ்விடயத்தை மேலும் ஆழப்படுத்துகின்றது. மனநோய் மருத்துவமனையில் அடைபட்ட மபூசே, குற்றத்தின் ஆட்சிக்கான திட்டங்களை இடையறாது எழுதுகிறான். அவற்றைப் படித்த பேராசிரியர் பௌம், மபூசே இறந்தபின் அவற்றைச் செயற்படுத்துகிறார். கூட்டத்தினர் திரைக்குப் பின்னிருந்து வரும் குரலுக்கே பணிகின்றனர். திரைக்கு அப்பால் இருப்பதோ ஓர் ஒலிபெருக்கியும் வெட்டப்பட்ட உருவமுமே. பார்வையின் இடத்தைக் குரலும், மனிதனின் இடத்தைக் கருவியும் பெற்றுவிட்டன. நாசி ஆட்சியில் 1933 மார்ச்சில் இப்படம் தடைசெய்யப்பட்டது. ஏப்பிரலில் புடாபெஸ்ற் நகரிலேயே முதன்முதல் திரையிடப்பட்டது.

ஹிட்லரின் முறைகளைக் காட்டவே இதை ஆக்கியதாக லாங் 1943 இல் கூறினார். திரைக்கதையாசிரியை ஹார்பு நாசிக் கட்சியிற் சேர்ந்தவர் என்பதை நோக்குமிடத்து, இக்கூற்றை எச்சரிக்கையுடனேயே ஏற்க வேண்டும். சீக்பிரீட் கிராக்கவர் 1947 இல் வெளியிட்ட நூலிலே, கொடுங்கோலன் அல்லது குழப்பம் என்னும் இருமையில் அகப்பட்ட ஜேர்மானிய மனத்தின் வெளிப்பாடாக இத்தகைய படங்களை விளக்கினார். இவ்விளக்கம் பயனுடையதே, எனினும், ஒரு தேசத்தின் வீழ்ச்சியை உளவியலாக மட்டும் சுருக்கிவிடும் அபாயம் இதிலுண்டு. 'மக்கள் மயக்கப்பட்டனர்' என்பது, பாசிசத்துக்குத் துணைநின்ற வர்க்க நலன்களையும் நிறுவனங்களையும் குற்றக்கூண்டிலிருந்து விடுவித்துவிடும்.

இதற்கான மறுப்புப் படத்தினுள்ளேயே உண்டு. கூட்டத்தில் ஒருவனான கென்ற், சிறையிலிருந்து மீண்டு வேலை கிடையாமையாலேயே அங்குச் சேர்கிறான். அக்காலத்தில் ஜேர்மனியில் வேலையற்றோர் ஏறத்தாழ 60 இலட்சம் பேர். அவனைப் பணிய வைத்தது மாயக்கண் அன்று, பசியும் அச்சமுமே. அதனாலேயே கட்டளையை மறுக்கவும், திரைக்கு அப்பால் என்ன உள்ளதெனக் காணவும் அவனால் முடிகின்றது. வசியமே அனைத்துக்கும் காரணமாயின் எதிர்ப்புக்கு இடமில்லை. காரணங்கள் சமூகத்தில் வேரூன்றியவையாயின் அவற்றை மாற்றவும் முடியும். மபூசே படங்கள் இன்றும் நம் ஆய்வுக்குரியனவாவது இப்புள்ளியிலேயே.