புற்றுநோய் மருத்துவமும் நோயாளியின் பங்கும்

மருத்துவமனைக்குச் செல்லும் நம்மவரின் வழக்கத்தைச் சற்று எண்ணிப் பார்ப்போம். மருத்துவர் கூறுவதற்கெல்லாம் தலையசைத்துவிட்டு, வெளியே வந்தபின், "டாக்டர் என்ன சொன்னார்?" என்று உடன் வந்தவரைக் கேட்கிறோம். சளிக்கும் காய்ச்சலுக்கும் இதனால் பெருங்கேடு விளைவதில்லை. புற்றுநோய் என்னும்போதோ நிலைமை வேறு. அங்கே வழிகள் பல. ஒவ்வொன்றிலும் பயனும் உண்டு, துன்பமும் உண்டு. எவ்வளவு பயனுக்காக எவ்வளவு துன்பத்தைத் தாங்கலாம் என்பதை நோயுற்றவரைத் தவிர வேறு யார் சொல்ல இயலும்? சங்கக் கணக்கைப் படித்துப் பாராமல் கையொப்பம் இடலாகாது என்று கூறும் நாம், நம் உடலைப் பற்றிய கணக்கில் மட்டும் கண்ணை மூடிக் கொள்கிறோம்.

இக்கணக்கை மருத்துவரும் நோயாளியும் சேர்ந்து பார்ப்பதற்கென மேனாடுகளில் கணிப்பொறிக் கருவிகள் சில தோன்றியுள்ளன. அவற்றுள் இரண்டை மட்டும் இங்கே எடுத்துக் கொள்வோம்.

முதலாவது, இங்கிலாந்தில் உருவான 'பிரெடிக்ட்' என்பது. கிழக்கு ஆங்கிலியாப் பகுதியில் 1999 முதல் 2003 வரை மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்ட 5,694 பெண்களின் பதிவேடுகளை ஆதாரமாகக் கொண்டு கேம்பிரிட்ஜ் அறிஞர்கள் இதனை அமைத்து, 2010-ல் வெளியிட்டனர். நோயாளியின் வயது, கட்டியின் அளவு, அதன் வீரியப் படி, அக்குள் நெறிகளில் எத்தனையில் நோய் பரவியுள்ளது, ஹார்மோனுக்கு அக்கட்டி இணங்குமா என்பன போன்ற விவரங்களைக் கொடுத்தால், இவரையொத்த 100 பெண்களில் பத்தாண்டுக்குப்பின் எத்தனை பேர் உயிருடன் இருப்பர் என்பதை அது காட்டும். அறுவையோடு நிறுத்தினால் எத்தனை பேர், ஹார்மோன் மாத்திரையும் சேர்த்தால் எத்தனை பேர், கீமோதெரபி மருந்தும் செலுத்தினால் எத்தனை பேர் என்று தனித்தனியே காட்டும். எழுத்தாகவும், அட்டவணையாகவும், நூறு சிறு உருவங்களில் வண்ணமிட்டும் அதனைக் காணலாம்.

ஓர் உதாரணத்துக்காக வைத்துக் கொள்வோம். அறுவை மட்டும் செய்துகொண்ட 100 பேரில் 80 பேர் பத்தாண்டு வாழ்வர். மாத்திரை சேர்ந்தால் மேலும் 4 பேர். கீமோதெரபியும் சேர்ந்தால் இன்னும் 2 பேர். (இவை விளக்கத்துக்காக நாம் இட்ட எண்கள், எவருடைய நோய்க்கும் உரியவை அல்ல.) அந்த இரண்டு பேருக்காக நூறு பேரும் முடி உதிர்வையும் வாந்தியையும் சோர்வையும் ஏற்க வேண்டியிருக்கிறது. சிறு குழந்தைகளை உடைய தாய் ஒருத்தி, "அந்த இருவரில் நான் ஒருத்தியாக இருக்கலாமே" என்று துணியக்கூடும். எழுபது வயது மூதாட்டி, "எனக்கு வேண்டாம்" என்று கூறக்கூடும். இரண்டுமே சரியான முடிவுகள்தாம். "கீமோ கொடுத்தால் நல்லது" என்ற ஒரே வாக்கியத்தைக் கேட்டுத் தலையசைத்திருந்தால், இவ்விருவருக்கும் வேற்றுமை தெரிந்திருக்காது.

இக்கருவியை எவரும் கட்டணமின்றித் திறந்து பார்க்கலாம். ஆனால் மருத்துவரோடு இருந்து பார்ப்பதே முறை. ஆரம்ப நிலையில் கண்டு, முதலில் அறுவை செய்துகொண்டவர்களுக்கே அது பொருந்தும். நோய் உடலில் வேறிடம் பரவியவர்க்கும், அறுவைக்கு முன்பே மருந்து ஏற்றவர்க்கும் பொருந்தாது. மேலும் அது ஆங்கில நாட்டுப் பெண்களின் ஏடுகளிலிருந்து பிறந்தது. முதற் பதிப்பில் 40 வயதுக்குக் குறைந்தோரிடம் கணக்குப் பிறழ்ந்ததாகக் கண்டு, 2017-ல் திருத்தினர். ஆதலின் அதன் எண்ணை ஜாதகமாகக் கொள்வது தவறு.

இரண்டாவது கருவி இன்னும் எளியது. நம் உள்ளத்தை அதிகம் கவர்ந்ததும் அதுவே. நியூயார்க்கிலுள்ள மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மருத்துவமனையில், கீமோதெரபி பெற்று வந்த 766 நோயாளிகளை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர் வலி, வாந்தி, மூச்சுத் திணறல் முதலிய 12 துன்பங்களின் அளவைக் கணிப்பொறி வழியே தாமே பதிவு செய்தனர். துன்பம் மிகுந்தால் நர்ஸுக்கு உடனே செய்தி சென்றது. மறு பிரிவினர் வழக்கம்போல் அடுத்த முறை மருத்துவரைக் காணும்போது சொல்லிக் கொண்டனர். 2017-ல் வெளியான முடிவின்படி, பதிவு செய்தோரின் இடைநிலை ஆயுள் 31.2 மாதம், மற்றவர்களுடையது 26 மாதம். புதிய மருந்து ஏதும் தரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கணிப்பொறியில் பழக்கமில்லாதவர்களும் அந்த ஆய்வில் இருந்தனர். மருத்துவமனைக்கு வந்தபோது அங்கேயே பதிவு செய்த அவர்களுக்குத்தான் பெரும்பாலும் கூடுதல் நன்மை கிட்டியது.

ஆயினும் ஒன்றை மறைத்தல் முறையன்று. அமெரிக்காவில் 52 சிகிச்சை நிலையங்களில் 1,191 பேரிடம் பின்னர் இதே முறையைச் சோதித்தபோது, துன்பம் குறைந்தது, அவசரப் பிரிவுக்கு ஓடுவது தள்ளிப்போயிற்று. ஆயுள் மட்டும் கூடவில்லை என்று 2025-ல் அறிவித்தனர். ஆயுளை விடுவோம், வலியால் உறங்காத இரவுகள் குறைவது சிறிய பயனா?

நம் ஊர்களில் இப்பொறிகள் மருத்துவரின் மேசைமேல் இல்லாவிடினும், அவற்றின் வேலையிற் பாதியை ஒரு நோட்டுப் புத்தகம் செய்யும். வாரந்தோறும் வலி எவ்வளவு, உணவு எவ்வளவு, வாந்தி எத்தனை முறை என்று வீட்டிலுள்ள படித்த பிள்ளை எழுதி வைத்து, அடுத்த முறை மருத்துவரிடம் காட்டலாம். "என்னைப் போன்ற நூறு பேரில் இம்மருந்தால் எத்தனை பேருக்குப் பயன்? மருந்தின்றி எத்தனை பேர் நலமாக இருப்பர்?" என்ற இரண்டு கேள்விகளையும் அதன் முதற் பக்கத்திலேயே எழுதிக் கொள்ளலாம். விடை கூறுவதற்குத் திசுப் பரிசோதனை அறிக்கை வேண்டும். கட்டியின் அளவும் படியும் அதில்தான் இருக்கும். கேட்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவேடுகளைத் தரவேண்டும் என்று நம் நாட்டில் மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு ஒழுங்குமுறை விதி கூறுகிறது. மருத்துவமனையை விட்டுப் புறப்படுமுன் அதன் படி ஒன்றைக் கேட்டு வாங்கி, அந்த நோட்டுப் புத்தகத்தோடு சேர்த்து வைத்துக் கொள்க.