குறித்த நாள் கடந்தபோது...

"என்னம்மா, இன்னுமா வலி வரவில்லை?"

டாக்டர் குறித்துக் கொடுத்த நாள் கடந்துவிட்டால், நிறைமாதத் தாய் கோயில் வாசலிலும் தொலைபேசியிலும் ஓயாமல் கேட்கும் கேள்வி இது. கேட்பவர்கள் அக்கறையோடுதான் கேட்கிறார்கள். ஆனால் பத்தாவது முறை கேட்கும்போது, தன்னிடம்தான் ஏதோ குறை என்று அவள் கலங்கத் தொடங்குகிறாள்.

சகோதரியே, கலங்காதீர்கள். கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து 280 நாட்கள், அதாவது 40 வாரங்கள் கூட்டிச் சொல்லப்படும் நாள் அது. வெறும் மதிப்பீடுதான். சரியாக அந்த நாளிலேயே பிறப்பவை நூற்றுக்கு ஏறக்குறைய 5 குழந்தைகளே. முதல் பேறு சில நாட்கள் தள்ளிப்போவது சாதாரணம். மாதவிடாய் ஒழுங்காக வராதவர்களுக்குக் கணக்கே பிசகியிருக்கலாம். தொடக்க மாதங்களில் எடுத்த ஸ்கேன் அதைச் சரிசெய்ய உதவும்.

ஆனால் காத்திருப்புக்கும் ஓர் எல்லை உண்டு. 41 வாரங்கள் கடந்தபின் நஞ்சுக்கொடியின் திறன் குறையலாம். பனிக்குட நீரும் குறையலாம். குழந்தை வயிற்றிலேயே இறந்துபோகும் ஆபத்து சிறியதே என்றாலும், நாள் செல்லச் செல்லக் கூடுகிறது. எனவேதான், 41 வாரங்கள் கடந்தது உறுதியானால் மருந்து கொடுத்து வலியை வரவழைக்க உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது.

"தானாக வரட்டும், கடவுள் பார்த்துக்கொள்வார்" என்று சில வீடுகளில் இதற்கு மறுப்புச் சொல்கிறார்கள். அது விசுவாசம் ஆகாது. மருத்துவரை ஏற்படுத்தியவரும் ஆண்டவரே என்று சீராக்கின் ஞானம் 38ஆம் அதிகாரம் நமக்குக் கற்பிக்கிறது அல்லவா?

இந்த நாட்களில் செய்ய வேண்டியவை:

* குழந்தையின் அசைவைக் கவனியுங்கள். அசைவு குறைந்தாலோ, நீர் உடைந்தாலோ, இரத்தம் பட்டாலோ, விடியட்டும் என்று இராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.
* பரிசோதனைக்குச் சொன்ன நாளைத் தவறவிடாதீர்கள்.
* வலி வருவதற்காக விளக்கெண்ணெயோ நாட்டு மருந்தோ நீங்களாகக் குடிக்காதீர்கள்.
* தொலைபேசி அழைப்புகளுக்குக் கணவரோ தாயாரோ பதில் சொல்லட்டும். நீங்கள் மெல்ல நடங்கள், நன்றாக உறங்குங்கள், மனதிலுள்ள பயத்தைச் சொல்லி அழுங்கள். கண்ணீரும் செபமே.

பங்கு மக்களாகிய நமக்கும் ஒரு பணி இருக்கிறது. எலிசபெத்து ஆறாம் மாதத்தில் இருந்தபோது அன்னை மரியா மலைநாட்டுக்கு விரைந்தார். ஏறத்தாழ மூன்று மாதம் அவரோடு தங்கினார். கேள்வி கேட்கப் போகவில்லை, உடனிருக்கப் போனார். நம் தெருவிலும் நாள் கடந்து காத்திருக்கும் ஒரு தாய் இருக்கலாம். அவள் வீட்டுக்குக் கொஞ்சம் சோறும் குழம்பும் கொண்டுபோவோம். இரவில் அழைத்தாலும் ஆட்டோ பிடித்து வருவோம் என்று சொல்லிவைப்போம். "இன்னுமா?" என்ற கேள்வியை மட்டும் வீட்டிலேயே விட்டுச் செல்வோம்.