பழைய காருக்குப் புதுக் கால்கள்

சாந்தோம் நெடுஞ்சாலையில் ஏதாவது ஒரு மாலை வேளையில் ஐந்து நிமிஷம் நின்று பாருங்கள். பளபளவென்று மின்னும் பெரிய பெரிய வண்டிகள் பட்டத்து யானைகள் மாதிரி அசைந்து போகும். அவற்றின் நடுவே, நிறம் சற்று மங்கிய, முதுகு உயர்ந்த ஒரு சின்னக் கார், "நானும் இருக்கிறேன், ஐயா!" என்று சொல்லாமல் சொல்லிக்கொண்டு ஓடும். அதுதான் நம்முடைய பழைய சான்ட்ரோ.

அது ஊருக்கு அந்நியம் அல்ல. ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து இருங்காட்டுக்கோட்டையில், ஹூண்டாய்த் தொழிற்சாலையில் பிறந்த குழந்தை. முதல் சான்ட்ரோ 1998-ல் வெளிவந்தது. 2014 முடிவோடு அந்தப் பழைய உருவத்துக்கு விடை கொடுத்துவிட்டார்கள். 2018-ல் அதே பெயரில் வேறொரு கார் வந்து, அதுவும் 2022-ல் நின்றுபோயிற்று. ஆக, பழைய வம்சத்தின் கடைக்குட்டிக்குக்கூட இப்போது பத்து வயது தாண்டிவிட்டது. ஆனாலும் மயிலாப்பூர், மந்தைவெளி, அடையாறு பக்கத்து வீடுகளில் அது இன்னும் குடும்பத்தில் ஒருவராகவே இருந்து வருகிறது.

அப்படிப்பட்ட வீடுகளில் சில வருஷங்களுக்கு ஒரு தடவை ஒரு வாக்குவாதம் நடக்கும்.

"நாலு டயரும் மாற்றியாக வேண்டும் என்கிறான் மெக்கானிக்" என்பார் அப்பா.

"வண்டியை விற்றாலே என்ன கிடைத்துவிடும், அப்பா? அதற்குப் போய்ப் புது டயரா? பழைய டயர் இரண்டு வாங்கிப் போட்டு ஓட்டுங்கள்" என்பான் பிள்ளை.

சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் வரும்: "காருக்கு விலை இல்லாவிட்டால் போகட்டும்டா. உள்ளே உட்காருகிற உன் பெண்ணுக்கு விலை இல்லையா?"

அம்மாவின் கட்சிதான் நம் கட்சி. டயரின் மதிப்பைக் காரின் விலையைக் கொண்டு கணக்குப் பண்ணக் கூடாது. உள்ளே இருப்பவர்களைக் கொண்டுதான் கணக்குப் பண்ண வேண்டும். ஒரு டயர் தரையைத் தொடும் இடம் எவ்வளவு தெரியுமா? ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அகலம். நாலு உள்ளங்கைகள்தான் அந்தக் காரையும், அதில் உள்ள தாத்தா, பாட்டி, பேத்தி எல்லோரையும் ரோட்டோடு பிடித்து வைத்திருக்கின்றன. பிரேக் எவ்வளவு நன்றாக இருந்தாலும், உள்ளங்கையில் பிடிப்பு இல்லாவிட்டால் என்ன பிரயோஜனம்?

டயர் பிறந்த ஊர்

டயரைப் பற்றித் தெரியாது என்று சொல்லச் சென்னைவாசிகளுக்கு உரிமையே கிடையாது. 1946-ல் கே. எம். மாம்மன் மாப்பிள்ளை திருவொற்றியூரில் குழந்தைகளுக்கான ரப்பர் பலூன் செய்யும் சிறு கூடம் ஒன்றைத் தொடங்கினார். 1952-ல் தேய்ந்த டயர்களுக்கு மேல்தோல் போடும் ரப்பர் செய்ய ஆரம்பித்தார். 1961-ல் அமெரிக்காவின் மான்ஸ்பீல்ட் கம்பெனியின் துணையோடு டயர் தயாரிப்பிலேயே இறங்கினார். 'மெட்ராஸ் ரப்பர் ஃபாக்டரி' என்பதன் முதல் எழுத்துக்கள்தாம் எம்.ஆர்.எஃப். பிற்காலத்தில் ஒரகடத்தில் அப்போலோவும், தேர்வாய்கண்டிகையில் பிரான்ஸ் தேசத்து மிஷெலினும் ஆலை வைத்தன. பலூனில் தொடங்கிய கதை இவ்வளவு தூரம் உருண்டு வந்திருக்கிறது!

டயரின் ஜாதகம்

டயரின் பக்கச் சுவரில் அதன் ஜாதகம் முழுவதும் எழுதியிருக்கிறது. குனிந்து படிக்கத்தான் ஆள் இல்லை.

சான்ட்ரோ ஸிங் காரில் '155/70 ஆர் 13' என்று இருக்கும். 155 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 70 என்பது பக்கச் சுவரின் உயரம். அகலத்தில் நூற்றுக்கு எழுபது பங்கு. 'ஆர்' என்றால் ரேடியல் வகை. 13 என்பது ரிம்மின் குறுக்களவு, அங்குலத்தில். பக்கத்திலேயே '75 டி' என்று காணப்பட்டால், ஒரு டயர் தாங்கக்கூடிய எடை 387 கிலோ, அதிகபட்ச வேகம் மணிக்கு 190 கிலோமீட்டர் என்று அர்த்தம். புது டயரில் இந்த எண்ணும் எழுத்தும் கம்பெனி சொன்னதற்குக் கீழே இறங்கக் கூடாது.

இன்னும் முக்கியமானது ஒன்று உண்டு. சிறு நீள்வட்டக் கட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். '2319' என்றால் 2019-ம் வருஷத்தின் இருபத்துமூன்றாவது வாரத்தில் பிறந்த டயர். சில டயர்களில் இது உள்பக்கச் சுவரில் ஒளிந்துகொண்டிருக்கும். டார்ச் விளக்குப் பிடித்துத் தேட வேண்டும்.

ஓடாமலே கிழமாகும் டயர்

சாந்தோம் போன்ற இடங்களில் இந்த நான்கு இலக்கம்தான் உயிர்நாடி. ஏன் என்று கேளுங்கள்.

ஓய்வு பெற்றவர் வீட்டுக் கார் எங்கே போகிறது? லஸ் முனைக்கு, கபாலி கோயிலுக்கு, டாக்டர் வீட்டுக்கு. மற்ற நேரமெல்லாம் வாசலில் வெயில் காய்கிறது. டயரில் கோடுகள் ஆழமாகவே இருக்கின்றன. கடைக்காரர் பாஷையில் சொன்னால், 'பட்டன்' தேயவே இல்லை. "புதுசு மாதிரி இருக்கிறதே!" என்று நாம் மகிழ்ந்து போகிறோம். ஆனால் வெயிலும், சூடும், காற்றில் உள்ள ஓசோனும் ரப்பரை நாளுக்கு நாள் இறுக்கிக்கொண்டே வருகின்றன. பக்கச் சுவரில் மெல்லிய வெடிப்புகள், வறண்ட வயல் மாதிரி தோன்றும். இறுகிய ரப்பருக்கு ஈரத் தரையில் பிடிப்புக் குறைவு. வெடித்த சுவருக்கு, கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் வரை சூடேறி ஓடத் தெம்பு இருக்காது.

டயருக்கு ஐந்து வயது ஆகிவிட்டால் வருஷத்துக்கு ஒரு தடவை தெரிந்தவரிடம் காட்டுங்கள். பத்து வயது ஆகிவிட்டால், பார்வைக்கு எப்படி இருந்தாலும் மாற்றிவிடுங்கள். வெடிப்போ வீக்கமோ கண்டால் வயதைப் பார்க்கவே வேண்டாம்.

தேய்மானத்துக்கும் ஓர் அடையாளம் உண்டு. கோடுகளின் பள்ளத்துக்குள் ஆங்காங்கே சின்ன ரப்பர் மேடுகள் தெரியும். மேல்பரப்பு தேய்ந்து அவற்றோடு சமமாகிவிட்டால், மிச்சம் இருப்பது 1.6 மில்லிமீட்டர். சட்டம் அனுமதிக்கும் கடைசி எல்லை அதுதான். ஆனால் ஐப்பசி அடைமழைக்குச் சட்டம் தெரியாது! தேங்கிய தண்ணீரை வாரி வெளியே தள்ளுவது அந்தப் பள்ளங்களின் வேலை. பள்ளம் குறைந்தால் டயர் தண்ணீரின் மேல் படகு மாதிரி மிதந்துவிடும். அப்போது ஸ்டியரிங்கும் கேட்காது, பிரேக்கும் கேட்காது. ஆகவே 3 மில்லிமீட்டர் இருக்கும்போதே, மழைக்கு முன்னால் மாற்றிவிடுவது விவேகம்.

அகலமாகப் போடலாமா?

இப்போது வருவது வாலிபர்களின் கேள்வி. "டயரைக் கொஞ்சம் அகலமாகப் போட்டால் வண்டி ஜோராக இருக்குமே?"

இருக்கலாம். ஆனால் ஆசைக்கு முன்னால் கணக்குப் போடுங்கள். 155/70 ஆர் 13 டயரின் மொத்த உயரம் 547.2 மில்லிமீட்டர். 165/65 ஆர் 13 போட்டால் 544.7, வித்தியாசம் இரண்டரை மில்லிமீட்டர்தான். அகலம் பத்து மில்லிமீட்டர் கூடுகிறது. உயரம் மாறவில்லை என்றே சொல்லலாம். கடையில் கிடைத்தால், மாற்ற விரும்புகிறவர்களுக்கு அடக்கமான வழி இது.

165/70 ஆர் 13 போட்டால் உயரம் 561.2. நூற்றுக்கு இரண்டரைக்கு மேல் கூடிவிடுகிறது. காட்டி 60 என்று சொல்லும்போது வண்டி 61.5-ல் போகும். வேகத்தடைகளில் வயிறு உரசுவது கொஞ்சம் குறையும். இழுப்பும் கொஞ்சம் குறையும். 175/70-க்குத் தாவினாலோ 575.2, ஐந்து சதவிகிதம் வித்தியாசம். ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பினால் டயர் உள்ளே உரசலாம். பெட்ரோல் செலவும் ஏறும். மொத்த உயரம் மூன்று சதவிகிதத்துக்கு மேல் மாறக் கூடாது என்பது பொதுவான விதி. புது அகலம் பழைய ரிம்முக்குப் பொருந்துமா என்பதையும் கேட்டே தீர வேண்டும். சின்னப் பாதத்துக்குப் பெரிய செருப்பு அழகாகவா இருக்கும்?

உண்மையான முன்னேற்றம் அகலத்தில் இல்லை, குணத்தில் இருக்கிறது. அதே அளவிலேயே மழைக்குப் பிடிப்பான டயர், சத்தம் குறைந்த டயர், மைலேஜ் கொடுக்கும் டயர் என்று ரகங்கள் உண்டு. ஈரத் தரைப் பிடிப்பு, உருளும் எதிர்ப்பு, சத்தம் ஆகிய மூன்றுக்கும் மத்திய அரசு 2022-ல் விதிகள் வெளியிட்டிருக்கிறது. ஊருக்குள்ளேயே சுற்றுகிற வண்டிக்கு முதல் தகுதி மழைப் பிடிப்பு. மற்றவை பிறகு. ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடையில் கவனம்

ஜெனரல் பேட்டர்ஸ் ரோடில் வாங்கினாலும் சரி, தெரு முனையில் வாங்கினாலும் சரி, பிறந்த வாரத்தைப் படிக்காமல் பணத்தை எடுக்காதீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் டயர்களுக்கு ஜி.எஸ்.டி. வரி 28 சதவிகிதத்திலிருந்து 18-ஆகக் குறைந்திருக்கிறது. பில்லில் அது தெரிகிறதா என்றும் பாருங்கள். பழைய டயரை மலிவு என்று வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: மொட்டை டயரில் புதிதாகக் கோடு வெட்டி விற்பதும் உண்டு. கோடு வெட்டினால் ரப்பர் வளராது. இருக்கிற ரப்பர்தான் குறையும்.

நாலும் வாங்க வசதி இல்லையா? இரண்டு வாங்குங்கள். ஆனால் புது ஜோடியைப் பின்னால் போடச் சொல்லுங்கள். "முன் சக்கரம்தானே இழுக்கிறது?" என்று கடைப் பையன் வாதாடலாம். மழையில் முன்பக்கம் வழுக்கினால் ஓட்டுகிறவருக்கு உடனே தெரிந்துவிடும். வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம். பின்பக்கம் வழுக்கினால் வண்டியே பம்பரமாகிவிடும்.

கடலோரத்துக்காரர்களுக்கு இன்னொன்று. உப்புக் காற்று ரப்பரைவிட ரிம்மைத்தான் அதிகம் தின்கிறது. துருப்பிடித்த விளிம்பில் ட்யூப் இல்லாத டயர் சரியாக உட்காராது. பஞ்சர் இல்லாமலே காற்று இறங்கும். டயரைக் கழற்றும்போதே துருவைத் தேய்த்துச் சுத்தம் செய்து, பெயின்ட் அடித்து, வால்வையும் புதிதாக மாற்றச் சொல்லுங்கள். பிறகு பாலன்ஸிங், அலைன்மென்ட். இந்தச் செலவை மிச்சம் பிடித்தால் புது டயர் ஒரு பக்கமாகத் தேய்ந்து பழி வாங்கும்.

காற்றின் அளவு டிரைவர் கதவுப் பக்கத்தில் ஒட்டியிருக்கும். காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். "நைட்ரஜன் அடிக்கட்டுமா, ஸார்?" என்று கேட்டால் கவலை வேண்டாம், நாம் மூச்சு விடும் காற்றிலேயே 78 சதவிகிதம் நைட்ரஜன்தான்! மாதம் இரண்டு தடவை தவறாமல் பார்ப்பதுதான் பெரிது.

கடைசியாக, டிக்கியில் தூங்கும் ஸ்டெப்னியை மறந்துவிடாதீர்கள். 1904-ல் வேல்ஸ் நாட்டு லனெத்லி ஊரில், ஸ்டெப்னி தெருவில் இரண்டு சகோதரர்கள் உபரிச் சக்கரம் செய்து விற்றார்கள். தெருவின் பெயரே சக்கரத்துக்கு நிலைத்துவிட்டது. பல வீட்டுக் கார்களில் மூத்த டயர் அதுதான். கார் வாங்கிய நாளில் படுத்தது, இன்னும் எழுந்திருக்கவில்லை. நடு ராத்திரியில் பாட்டியை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகும்போது அதை எழுப்ப வேண்டி வந்தால், அதற்கும் தெம்பு இருக்க வேண்டாமா?

ஆகவே இந்த ஞாயிற்றுக்கிழமை காபி குடித்த கையோடு டார்ச்சும் மூக்குக்கண்ணாடியுமாக வாசலுக்குப் போங்கள். ஐந்து டயரிலும் அந்த நான்கு இலக்கத்தைத் தேடிப் படித்து, காலண்டரின் மூலையில் குறித்து வையுங்கள். வீட்டில் எல்லோருடைய பிறந்த நாளும் நமக்கு ஞாபகம் இருக்கிறது. நம் எல்லோரையும் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்களின் பிறந்த நாளும் தெரிந்திருக்கட்டுமே!