சோப்பைச் சாப்பிட்ட நகரம்

உங்கள் வீட்டுக் குளியலறை மாடத்தில் ஒரு சோப்புக் கட்டி இருக்கிறதல்லவா? அது தேய்ந்து தேய்ந்து வெற்றிலைபோல் மெலிந்ததும், "புதுசு எடுத்துக் கொடு" என்று குரல் கொடுக்கிறீர்கள். புதுசு வந்து விடுகிறது. அதற்குமேல் சோப்பைப் பற்றி யோசிக்க உங்களுக்கு என்ன இருக்கிறது?

ஆனால், சுமார் 25 லட்சம் ஜனங்கள் வாழ்ந்த ஒரு மாநகரம், சோப்பு செய்ய வேண்டிய பொருளைச் சாப்பிட்டு உயிர் வாழ்ந்தது என்றால் நம்புவீர்களா?

அந்த நகரம் லெனின்கிராட். இன்று அதற்குப் பழையபடி செயின்ட் பீட்டர்ஸ்பர்க் என்று பெயர். 1941 செப்டம்பர் 8-ந் தேதி ஜெர்மன் படைகள் அதன் கடைசித் தரை வழியையும் அடைத்து விட்டன. வடக்கே பின்லாந்துப் படை காத்து நின்றது. மிஞ்சியது லடோகா ஏரி ஒன்றுதான். 1944 ஜனவரி 27-ல் முற்றுகை முழுவதும் விலகியபோது, 872 நாட்கள் கழிந்திருந்தன.

குண்டு வீச்சைப் பற்றியும் பட்டினியைப் பற்றியும் எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள். நாம் இங்கே பார்க்கப் போவது அழுக்கைப் பற்றி. "உயிர் போகிற வேளையில் அழுக்கு ஒரு கவலையா?" என்று கேட்கிறீர்களா? உயிரே அதில்தான் இருந்தது!

சோப்பு என்பது என்ன? எண்ணெயையோ கொழுப்பையோ காரத்தோடு சேர்த்துக் காய்ச்சினால் கிடைப்பது சோப்பு. ஆகவே, வாணலிக்குப் போகிற எண்ணெயும் சலவைத் தொட்டிக்குப் போகிற எண்ணெயும் ஒரே பீப்பாயிலிருந்து வர வேண்டியவை. சமாதான காலத்தில் இந்த இரண்டுக்கும் தகராறு இல்லை. யுத்தம் வந்தால் பங்காளிச் சண்டை ஆரம்பித்து விடுகிறது. முற்றுகைக்கு உள்ளாகாத பிரிட்டனில்கூட, உணவுக்குக் கொழுப்பை மிச்சப்படுத்துவதற்காக 1942 பிப்ரவரியில் சோப்புக்கு ரேஷன் வைத்தார்கள்.

பிரிட்டனின் கதியே அதுவானால், லெனின்கிராடின் கதி எப்படி இருந்திருக்கும்? 1941 நவம்பர் 20-ந் தேதி முதல் ஒரு மாதத்துக்குமேல், தொழிலாளிக்கு நாளொன்றுக்கு 250 கிராம் ரொட்டி. குழந்தைகளுக்கும், காரியாலய ஊழியர்களுக்கும், பிறரை அண்டி வாழ்ந்தவர்களுக்கும் 125 கிராம். நம் கணக்கில் மூன்று இட்லியின் எடை! அதிலும் மாவு பாதி, கலப்படம் பாதி என்ற நிலைமை. மரக்கூழிலிருந்து எடுத்த செல்லுலோஸைக்கூட அந்த ரொட்டியில் சேர்த்தார்கள்.

ரொட்டி அச்சில் ஒட்டாமலிருக்க எண்ணெய் தடவ வேண்டும். அதற்கு ஏது எண்ணெய்? எண்ணெயைச் சுத்தம் செய்யும்போது ஒதுங்குகிற ஒரு கசடு உண்டு. அது சோப்புக்காரர்களின் சரக்கு. அந்தக் கசடையும், கொஞ்சம் சூரியகாந்தி எண்ணெயையும், மாவையும், தண்ணீரையும் கலக்கி ஒரு குழம்பு செய்து அச்சுகளில் பூசினார்கள். வர்ணத்துக்கும் வார்னிஷுக்கும் வைத்திருந்த ஆளிவிதை எண்ணெய் சட்டிக்கு வந்தது. மருந்துப் பெட்டியிலிருந்த விளக்கெண்ணெயும் கிளிசரினும் வயிற்றுக்குள் போயின. தச்சர்களின் வஜ்ஜிரத்தைக் காய்ச்சி, ஆற வைத்து, துண்டு போட்டுத் தின்றார்கள்.

பங்காளிச் சண்டையில் வயிறு ஜெயித்தது. ஜெயிக்க வேண்டியதுதானே? ஆனால் தோற்றுப் போன பக்கம் சும்மா இருக்கவில்லை.

அந்தக் குளிர்காலத்தில் வெப்பம் பூஜ்யத்துக்குக் கீழே 30 டிகிரி வரை இறங்கியது. மின்சாரம் நின்றது. குழாய்கள் உறைந்து வெடித்தன. ஜனங்கள் நேவா நதியின் பனிக்கட்டியில் துளை போட்டு, வாளியில் மொண்டு, குழந்தைகளின் சறுக்கு வண்டியில் வைத்து இழுத்து வந்தார்கள். அப்படி வந்த தண்ணீரைக் குடிக்கவா, குளிக்கவா? அறைக்கு அறை சிறிய இரும்பு அடுப்பு. நாற்காலியும் புத்தகமும் அதில் விறகு. எண்ணெய்த் திரியின் வெளிச்சம்தான் விளக்கு. அடுப்புக் கரியும் திரிப் புகையும் முகத்தில் அப்பிக் கொண்டன. கரியைக் கழுவச் சோப்பு வேண்டுமே! கோட்டைக்கூடக் கழற்றாமல், போட்ட துணியோடு வாரக் கணக்கில் படுத்து எழுந்தார்கள். பொதுக் குளியல் நிலையங்களில் பெரும்பாலானவை மூடிக் கிடந்தன.

இப்படிப்பட்ட இடம் யாருக்குக் கொண்டாட்டம் தெரியுமா? சீலைப் பேனுக்கு! டைபஸ் என்னும் கொடிய காய்ச்சலைப் பரப்புவது இந்தப் பேன்தான் என்று 1909-ல் சார்ல்ஸ் நிக்கோல் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி நிரூபித்தார். அதற்காக 1928-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ருஷ்யாவுக்கு இது ஏட்டுப் பாடமல்ல. 1917 புரட்சிக்குப் பின் மூண்ட உள்நாட்டு யுத்தத்தில் டைபஸ் பல லட்சம் உயிர்களைக் கொண்டுபோன ஞாபகம் அங்கே ஆறாமல் இருந்தது.

போதாக்குறைக்குக் கழிவுக் குழாய்களும் உறைந்து விட்டன. வீட்டு அசுத்தம் எல்லாம் முற்றத்திலும் மாடிப்படியிலும் கொட்டப்பட்டு, பனியோடு பனியாகக் கெட்டித்துக் கிடந்தது. அதனிடையே புதைக்கப்படாத சடலங்களும் இருந்தன. குளிர் இருந்தவரை எல்லாம் உறைந்து கிடந்தன. வெயில் வந்தால்? எந்த வசந்தத்துக்காக ஜனங்கள் ஏங்கினார்களோ, அந்த வசந்தமே யமனாக வரப் பார்த்தது.

அப்போதுதான் அந்த அதிசயம் நடந்தது. 1942 மார்ச் 27 முதல் ஏப்ரல் 15 வரை, சுமார் மூன்று லட்சம் பேர் கடப்பாரையும் மண்வெட்டியுமாகத் தெருவுக்கு வந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பட்டினிக்கு ஆண்கள்தான் முதலில் பலியாகியிருந்தார்கள். நிற்கவே தெம்பில்லாதவர்கள் பனிக்கட்டியை உடைத்தார்கள். உடைத்ததைத் தகரத்திலும் சறுக்கு வண்டியிலும் ஏற்றி இழுத்தார்கள். நாலு தடவை ஓங்கினால் பத்து நிமிஷம் உட்கார வேண்டும். அப்படி உட்கார்ந்து உட்கார்ந்தே அகற்றிய குப்பை சுமார் பத்து லட்சம் டன்!

சோப்பு இல்லாத குறையைச் சூட்டால் ஈடு செய்தார்கள். குளியல் நிலையங்களை ஒவ்வொன்றாகத் திறந்தார்கள். ஆள் உள்ளே குளிக்கும்போது, அவருடைய துணிகளைச் சூட்டு அறையில் வைத்துப் பேனைக் கொன்றார்கள். கொதித்த தண்ணீர் வழங்க நிலையங்கள் ஏற்பட்டன. இளம் பெண்கள் கோஷ்டி கோஷ்டியாக வீடுவீடாகப் போய், படுத்த படுக்கையாகக் கிடந்தவர்களுக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்தார்கள். அழுக்குத் துணியை மாற்றினார்கள். பல மாதங்களுக்குப் பிறகு குளியல் நிலையத்துக்குள் நுழைந்த பெண்கள், நீராவிக்கு நடுவே ஒருவரையொருவர் பார்த்தார்கள். எங்கு திரும்பினாலும் எலும்பும் தோலும்தான். ஆனாலும் உடம்பில் வெந்நீர் பட்டபோது, தாங்கள் மனிதர்கள் என்ற ஞாபகம் திரும்பியது என்று பலர் பிற்பாடு எழுதி வைத்திருக்கிறார்கள்.

பலன் என்ன? காய்ச்சல் கண்டவர்கள் இருந்தார்கள். ஆனால் எல்லோரும் பயந்த அந்தப் பெரிய கொள்ளை நோய் நகரத்தில் பரவவில்லை. ஏப்ரல் 15-ந் தேதி டிராம் வண்டிகள் மறுபடியும் பிரயாணிகளோடு ஓடின. மணிச் சத்தத்தைக் கேட்டு ஜனங்கள் தெருவில் நின்று அழுதார்களாம்.

இதை ஒரு வெற்றிக் கதையாக மட்டும் சொல்லி முடிக்க மனம் வரவில்லை. யுத்தத்துக்குப் பின் நியூரம்பர்க் விசாரணையில் சொல்லப்பட்ட சாவுக் கணக்கு 6 லட்சத்து 32 ஆயிரம். எட்டு லட்சத்துக்குக் குறையாது என்பது பிற்கால ஆராய்ச்சியாளர்கள் பலரின் கணிப்பு. அத்தனை பேரையும் கொன்றது பெரும்பாலும் பசிதான். பசி கொன்றது போக மிஞ்சியவர்களை அழுக்கு கொல்லாமல் தடுத்தவை, நடுங்கும் கைகள் பிடித்த அந்த மண்வெட்டிகள்.

நாளைக் காலையில் அந்தச் சோப்புக் கட்டியைக் கையில் எடுக்கும்போது ஒரு கணம் பாருங்கள். அதுவும் ஒருவிதத்தில் சோறுதான்!