பின்பக்கத்தை இறக்கினால் அச்சும் நகரும்

காலியாக நிற்கும் பிக்கப் டிரக்கின் பின்பக்கம் தூக்கிக்கொண்டு இருப்பது கோளாறு அல்ல. சரக்கு ஏறியதும் மட்டத்துக்கு வரட்டும் என்று கணக்குப் போட்டுத்தான் அப்படிச் செய்தார்கள். ஆனால் 1967 முதல் 1972 வரை அமெரிக்காவில் வந்த செவ்ரலே சி10 வண்டியை இன்று ஆசையாக வைத்திருப்பவர்களில் பலர் அதில் சரக்கே ஏற்றுவதில்லை. முன்னால் 4 அங்குலம், பின்னால் 6 அங்குலம் இறக்கி வண்டியை மட்டமாக நிறுத்துகிறார்கள்.

பிக்கப் என்றால் பின்னால் கமான் பட்டை இருக்கும் என்றுதான் நினைப்போம். சி10 வண்டிகளில் பெரும்பாலும் பின்னாலும் காயில் ஸ்பிரிங்தான். இரண்டு நீண்ட இரும்புக் கரங்கள் சேசிஸின் நடுவிலிருந்து பின்னோக்கி வந்து அச்சைப் பிடித்திருக்கும். அவற்றின் மேல் ஸ்பிரிங் உட்காரும். (நாஸ்கார் கோப்பைப் பந்தயக் கார்கள் 2021 வரை இந்த டிரக் கரங்களின் வழித்தோன்றலோடுதான் ஓடின.)

வண்டியை இறக்கக் குட்டையான ஸ்பிரிங் மாற்றுவது எளிது. சேசிஸுக்கு ஸ்டாண்டு கொடுத்து, ஷாக் அப்சார்பரைக் கழற்றி, அச்சை ஜாக்கியால் மெல்ல இறக்கினால் ஸ்பிரிங் தளரும்; அதைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளைக் கழற்றினால் கையோடு வந்துவிடும். பிரேக் ஹோஸை மட்டும் கவனிக்க வேண்டும். ஷாக் இல்லாத அச்சு அதை இழுத்துக்கொண்டு தொங்கும். பழைய ஸ்பிரிங்கையே நெருப்பில் காய்ச்சி அமுக்குகிறவர்களும் உண்டு. அதைச் செய்யவே கூடாது. எஃகின் பதம் போய்விடும்.

தலைவலி இதற்குப் பிறகுதான். அச்சு இடம் வலமாக ஆடாமல் இருக்கக் குறுக்கே ஒரு தண்டு உண்டு: பேன்ஹார்ட் ராடு. ஒரு முனை சேசிஸில், மறுமுனை அச்சின் பக்கம். கீலில் திரும்பும் கதவைப் போல அந்த மறுமுனை வளைவாகத்தான் போகும், நேராக மேலேறாது. தண்டு எவ்வளவு குட்டையோ அவ்வளவுக்கு வளைவும் கூடும். கம்பெனி கொடுத்த தண்டோ குட்டை. ஆகவே வண்டி இறங்கியதும் அச்சு ஒரு பக்கமாக ஒதுங்கும். பின்னால் நின்று பார்த்தால் ஒரு டயர் மட்கார்டுக்குள் ஒளிந்திருக்கும், இன்னொன்று வெளியே துருத்தும். நீளத்தைக் கூட்டிக் குறைக்க வசதியுள்ள நீண்ட தண்டைப் போட்டு அச்சை நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். வண்டி தன் சக்கரத்தில் நிற்கும்போது அளந்தால்தான் அந்த அளவு சரி.

கரங்களின் பின்முனை மேலேறுவதால் அச்சோடு சேர்ந்து, புரொப்பல்லர் ஷாஃப்ட் வந்து இணையும் பினியனின் மூக்கும் கீழே சாயும். ஷாஃப்ட் அதிர்ந்தால் முதல் சந்தேகம் இதன் மேல்தான் வர வேண்டும். கரத்துக்கும் அச்சுக்கும் நடுவே ஆப்பு வடிவத் தகடு வைத்துக் கோணத்தைச் சரிசெய்வார்கள். பழைய ஷாக்குக்கும் இனி அமுங்க இடமிருக்காது. குட்டையான ஷாக் வேண்டும்.

4 அங்குலத்தைத் தாண்டி இறக்கினால் அச்சுக்கும் அதன் மேலே ஓடும் சேசிஸுக்கும் இடைவெளி போதாது. குழியில் விழுந்தால் இரும்போடு இரும்பு இடிக்கும். அச்சுக்கு நேர் மேலே சேசிஸின் அடியைப் பிறைபோல் வெட்டி, கனமான தகட்டால் அந்த இடத்தைப் பலப்படுத்துவார்கள். சி நாட்ச் என்று அதற்குப் பெயர். தகடு இல்லாமல் வெட்டி விட்டுவிட்டால் சேசிஸ் அந்த இடத்தில்தான் விரியும்.

முன்பக்கத்தைத் தொடாமல் பின்னால் மட்டும் இறக்கியவர்கள், இரவில் ஒரு சுவரின் முன் நிறுத்தி ஹெட்லைட்டைத் தாழ்த்திக்கொள்ள வேண்டும். மூக்கு நிமிர்ந்த வண்டியின் வெளிச்சம் எதிரே வருகிறவரின் கண்ணில்தான் விழும்.