புது பிஸ்டல் இறுக்கமா இருக்கா? அரத்தை எடுக்காதீங்க!

லைசென்ஸ் கிடைத்து, .32 பிஸ்டலும் வாங்கியாச்சு. ஆனால் ஸ்லைடு இறுகுது; மேகஸின் சரியாக உட்காரவில்லை. பழுதா?

பெரும்பாலும் இல்லை. துருப்பிடிக்காமலிருக்க தொழிற்சாலையில் பூசிய கெட்டி எண்ணெய் உள்ளே இருக்கலாம். புது ஸ்பிரிங்கும் விறைப்பாக இருக்கும்; போகப்போக இளகும்.

நாமே என்ன செய்யலாம்?

முதலில் மேகஸினைக் கழற்றுங்கள். பிறகு ஸ்லைடை இழுத்து, சேம்பரில் தோட்டா இல்லையென்று கண்ணால் பாருங்கள். கையேடு சொல்லும் அளவுக்கு மட்டும் பிரித்துத் துடைத்து, துளி எண்ணெய் விடுங்கள். அவ்வளவுதான்.

லேசா அரம் போட்டால் என்ன?

ரெண்டு சிக்கல். ட்ரிகரோடு சேர்ந்த பாகம் மயிரிழை தேய்ந்தாலும் துப்பாக்கி தானாக வெடிக்கலாம். அடுத்தது சட்டம். 1959 ஆயுதச் சட்டத்தின் 5-வது பிரிவுப்படி, துப்பாக்கியைப் பழுதுபார்க்கத் தனி லைசென்ஸ் வேண்டும். வைத்திருப்பதற்கான லைசென்ஸ் போதாது. 2019 திருத்தத்துக்குப் பின், மீறினால் குறைந்தது 7 ஆண்டு சிறை, அதிகபட்சம் ஆயுள். தெரிந்த லேத் பட்டறைக்காரரிடம் கொடுத்தால் அவரும் மாட்டுவார்.

துடைத்த பிறகும் சிக்குதா? தோட்டாவை எடுத்துவிட்டு, பில், லைசென்ஸோடு பழுதுபார்க்கும் உரிமம் உள்ள டீலரிடம் போங்கள்.